கலி பவுசர்க்காரர் கேட்ட கேள்விகள்

எங்கள் மலக்குழியைக் கலி பவுசர் லொறி கொண்டுவந்து இறைத்தவர்களைப் பற்றி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை நல்லது, நேரம் தவறுகிறார்கள், விலை ஊரில் எல்லாரும் கேட்கிற விலைதான். ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுக்கலாம். பெயர் போடவில்லை. ஒரு லொறியும் இரண்டு ஆட்களுமாகப் பிழைப்பு நடத்துகிறவர்கள், கீழே குறையும் எழுதப் போகிறேன், கிளிநொச்சி சின்ன ஊர். மலக்குழி இறைக்க நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன், அதற்குப் பெயர் தேவையில்லை.

கட்டடம் சித்தப்பாவுடையது. அவர் கனடாவில், இங்கே பார்ப்பது நான். ஏ-9 வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில் கீழே ஒரு கொத்துரொட்டிக் கடை, மேலே வாடகை அறைகள், அங்கே ஆசிரியைகளும் வங்கியில் வேலை செய்கிற பிள்ளைகளும், பின்பக்கம் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். எல்லாருடைய தண்ணீரும் போவது ஒரே குழிக்குத்தான். மீள்குடியேறி வந்த கையோடு ஒரு வீட்டுக்கென்று கட்டிய குழி, பிறகு மாடி எழும்பிவிட்டது, குழி அப்படியே இருக்கிறது. இந்தப் பக்கம் இப்படி நிறையக் கட்டடங்கள் உண்டு.

கீழ் பாத்ரூமில் தண்ணீர் இறங்காமல் குமிழி விட்டுக்கொண்டு நின்றது. கடைக்காரர் மேல்மாடியைக் கையைக் காட்டினார், மேல்மாடி கடையைக் காட்டியது, பின்வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. பிரதேச சபை வண்டிக்கும் பதியலாம், கட்டணம் குறைவு, ஆனால் முறை வரும்வரை பொறுக்க வேண்டும். கடை ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கே பொறுப்பது? தனியாரைக் கூப்பிட்டேன்.

இவர்கள் மேல் மதிப்பு வந்தது போனிலேயே. மற்றவர்கள் "எத்தினை அடி குழி, லொறி உள்ள வருமோ" என்று கேட்டுவிட்டு விலையைச் சொல்வார்கள். இவர் அதற்கு மேலும் கேட்டார்.

"அண்ணை, கடைக் குசினித் தண்ணியும் அதுக்குள்ளதான் போகுதோ?"

"ஓம் தம்பி."

"ஒயில், பெற்றோல், பெயின்ற், பற்றரி அசிற், புல் மருந்து, உதுகள் ஏதும் ஊத்தினவையளோ? எல்லாரிட்டயும் வடிவாக் கேட்டுச் சொல்லுங்கோ. ஒயில் மணத்தால் நாங்கள் எடுக்கமாட்டம்."

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். காசு கொடுத்துக் குழி இறைக்கக் கூப்பிட்டால் விசாரணையா வைக்கிறாய் என்று. ஆனால் அவர் சொன்ன காரணம் சரியானது. இறைத்ததை அவர் எங்காவது கொட்டத்தானே வேண்டும். ஒதுக்கிய இடத்தில் கொட்டினால் மனிதக் கழிவு வெயிலிலும் கிருமியிலும் காலப்போக்கில் மக்கி மண்ணாகும். கறுப்பு ஒயிலும் தின்னரும் பற்றரி ஈயமும் அப்படி மக்காது. அது மண்ணுக்குள் இறங்கி யாருடைய கிணற்றிலாவது எழும்பும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அது பெரிய அளவில் நடந்தது. ஆனால் கராஜ் வைத்திருக்கிறவர் மாற்றிய ஒயிலைக் கானுக்குள் ஊற்றுவதும், வயலுக்கு மருந்து அடித்துவிட்டு வந்தவர் ஸ்பிரேயரைப் பாத்ரூமில் கழுவி ஊற்றுவதும் அதே வழிதான். வன்னியில் இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மருந்து அடித்த கையோடு குளிக்கப் போகிறவர் ஸ்பிரேயரையும் உள்ளே கொண்டுபோவார், குழி இருக்கும் அதே வளவுக்குள்தான் குடிக்கிற கிணறும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி வேண்டும் என்று சொல்வார்கள், இரண்டு பரப்பு என்கிற சின்னக் காணியில் அந்த 50 அடியை அளந்து பார்த்தவர் எத்தனை பேர்?

கொழும்பில் ஆங்கிலேயர் காலத்தில் போட்ட நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்கள் இன்றும் ஓடுகின்றன, வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் கொண்டுபோய் விடுகின்றன. அப்படிப் பொதுக் குழாய் இருக்கிற எந்த நகரத்திலும் உள்ளே விடக்கூடாதவற்றுக்கு ஒரு பட்டியல் இருக்கும், அதில் பெரிய வித்தியாசம் இராது. தீப்பிடிக்கிறது, அரிக்கிறது, நஞ்சு, அடைக்கிறது, கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறது. தீப்பிடிக்கிறதை ஏன் முதலில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் மெக்சிக்கோவின் குவாடலஹாராவைப் பார்க்க வேண்டும். 1992 ஏப்ரல் 22 அன்று, நிலத்துக்குக் கீழே ஓட்டை விழுந்த பெற்றோல் குழாயிலிருந்து கசிந்தது கழிவுநீர்க் குழாய்க்குள் போய் ஆவியாக நிரம்பி, தெருத் தெருவாக வெடித்து 200 பேருக்கு மேல் செத்தார்கள். அடைக்கிறதுக்கு உதாரணம் லண்டன். 2017-இல் வைற்சாப்பல் பகுதியில் 250 மீற்றர் நீளத்துக்கு, 130 தொன் எடையில் கொழுப்பும் ஈரத் துடைப்பானும் பம்பர்சும் இறுகிப்போய்க் கிடந்ததை உடைத்து எடுத்தார்கள், அதில் ஒரு துண்டை அருங்காட்சியகத்திலும் வைத்தார்கள். நமக்குப் பொதுக் குழாய் இல்லை, அதனால் இந்தப் பட்டியல் நமக்கில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் நமக்குத்தான் அது இன்னும் இறுக்கமாகப் பொருந்தும். லண்டன்காரன் ஊற்றியதைக் கழுவ அங்கே ஆள் இருக்கிறது, இங்கே ஊற்றியது வளவை விட்டு வெளியே போவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். காலையில் வருகிறேன் என்றவர் வந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரம், கடையில் ஆட்கள் இருக்கும்போது. இது முதல் குறை. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை. லொறி 4000 லீற்றர் பிடிக்கும் சின்ன ரகம், ஒழுங்கைக்குள் வரக்கூடியது, இது நல்ல விஷயம். பெரிய பவுசர் என்றால் மதிலை இடித்துத்தான் கொண்டுவர வேண்டும்.

குழியின் மூடியைத் தூக்கியதும் உடனே குழாயை உள்ளே விடவில்லை. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள், சிகரெற்றோடு நின்ற ஒருவரை வெளியே அனுப்பினார்கள், மூடியைத் திறந்தபடி விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கடையில் தேத்தண்ணி குடித்தார்கள். குழிக்குள் மீதேனும் ஐதரசன் சல்பைட்டும் தேங்கி நிற்கும். முன்னது எரியும். பின்னதுதான் அழுகிய முட்டை மணம் தருவது. அது குறைவாக இருக்கும்போதுதான் நாறும், கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும், ஆள் விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். இந்த இரண்டு பேரும் எந்தக் கட்டத்திலும் உள்ளே இறங்கவில்லை, தலையைக் கூட நீட்டவில்லை. எல்லாமே நீளக் கம்பியாலும் கொக்கியாலும் மேலிருந்துதான். பூட்சும் கையுறையும் போட்டிருந்தார்கள். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது, அதற்குப் புள்ளி குறைக்கிறேன். "நான் இறங்கித் துப்பரவாக்கித் தாறன், இன்னும் ஐயாயிரம் தாங்கோ" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அடைப்பு எங்கே என்று பார்த்தார்கள். குழி நிரம்பியிருந்தது உண்மை, ஆனால் தண்ணீர் நின்றதற்குக் காரணம் அதுவல்ல. கடைக் குசினியிலிருந்து வரும் பைப் முதலாவது சேம்பரில், அதாவது பைப்புகள் சேரும் மூடி போட்ட சின்னத் தொட்டியில், சேரும் இடத்தில்தான் விஷயம் இருந்தது. கம்பியால் குத்திக் குத்தித் தம்பி ஒரு துண்டை வெளியே இழுத்துப் போட்டார். சாம்பல் வெள்ளை, ஒரு சாண் நீளம், பைப்பின் உள்வளைவு அப்படியே அதன் முதுகில் பதிந்திருந்தது. ஸ்குரூ ட்ரைவரால் கீறிக் காட்டினார், செதில் செதிலாக உதிர்ந்தது, உள்ளே வெங்காயச் சருகு, ஒரு றப்பர் பான்ட், முட்டைக் கோது, கிழித்த ஷாம்பூப் பைக்கற்றின் மூலை. கடைக்காரர் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "நான் ஊத்திறது சுடுதண்ணியோட, உருகிப் போயிடும்" என்றார்.

உருகிப் போகும்தான், ஆனால் எவ்வளவு தூரம்? பைப் நிழலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் கிடக்கிறது, நாலு அடி போனதும் சூடு ஆறிவிடும். இந்த வெயிலுக்கு எண்ணெய் உறையுமா என்பவர்கள் மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்க்கட்டும். ஆட்டுக் கொழுப்பும் மாஜரினும் அதைவிட முந்தி இறுகும். அதோடு எங்கள் தண்ணீர் கல்சியம் கூடிய தண்ணீர். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கல்சியம், பழைய எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத ஒரு சவர்க்காரமாக மாறுகிறது. சேம்பரிலிருந்து வந்த அந்தத் துண்டு உண்மையில் சவர்க்காரம்தான், கையில் போட்டால் நுரைக்காது என்பதுதான் வித்தியாசம். லண்டனில் உடைத்ததும் இதே வகைதான். அப்புறம் கொத்துக் கடையில் கோதுமை மாவும் சோற்றுக் கஞ்சியும் சேரும், அவை ஊறி வீங்கிப் பசையாகி நிற்கும், கொழுப்பு அதில் வந்து ஒட்டும்.

எண்ணெய் கொஞ்சம்தானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நீர்நிலைகளுக்கு விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிறீசும் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது நம் நாட்டுத் தரம், 1980-ஆம் ஆண்டின் 47-ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கிட்டத்தட்ட 13 கிராம். அந்த ஒரு கரண்டியை அந்த அளவுக்குக் கொண்டுவர 1300 லீற்றர் தண்ணீர் வேண்டும், மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லீற்றர்த் தாங்கி நிறைய ஊற்றினாலும் போதாது. கொத்துத் தட்டைச் சுரண்டிக் கழுவும்போது ஒரு கரண்டியா போகிறது?

துண்டை எடுத்ததும் தம்பி கேட்ட இரண்டாவது கேள்வி எனக்குப் பிடித்தது. "பைப்புக்குத் தூள் ஏதும் போட்டனீங்களோ?" கேட்டுக்கொண்டே ஒரு அடி பின்னால் போனார். கடைக்காரப் பெடியன் தலையைச் சொறிந்தான். ஹாட்வெயாரில் விற்கும் அடைப்பெடுக்கும் தூளை முதல்நாள் போட்டிருக்கிறார்கள். அது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், மெல்லிய பிவிசி பைப்பை இளக்கி நெளிக்கும், கம்பியால் குத்துகிறவன் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். புதிதாகப் படிந்த கொழுப்பைக் கொஞ்சம் கரைக்கும் என்பது உண்மை, ஆனால் கரைந்தது அடுத்த வளைவில் போய் மறுபடி இறுகும். இதற்கு என் மதிப்பெண் ஒன்று, அதுவும் அட்டையில் மண்டையோட்டுப் படம் போட்டிருந்ததற்காக. அதைவிட மோசம், தூள் வேலை செய்யவில்லை என்று அதன் மேல் மலசலகூடம் கழுவும் அசிற் ஊற்றுவது, பிறகு வெள்ளையாக்கும் குளோரின் திரவம் ஊற்றுவது. அசிற்றும் குளோரின் திரவமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஜன்னல் இல்லாத பாத்ரூமில் அது விளையாட்டு இல்லை. கழுவுகிற அளவுக்குக் கொஞ்சம் பாவிப்பது குழியை ஒன்றும் செய்யாது, போத்தல் போத்தலாக ஊற்றினால்தான் உள்ளே கழிவைச் சமிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செத்து, குழி வெறும் தாங்கியாகிவிடும், சீக்கிரம் நிரம்பும்.

அடுத்து குழி. இறைக்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் குழாய் மூச்சுத் திணறியது. கொக்கியால் இழுத்தால் பம்பர்ஸ். ஒன்றல்ல. அதற்குள் இருக்கிற பசைத் தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வீங்கும் சாமான், குழிக்குள் போனால் தலையணை அளவுக்கு வந்துவிடும். கூடவே சனிற்றரி பாட்ஸ், ஈரத் துடைப்பான்கள், தலைமயிர்ச் சுருள், ஒரு பல் துலக்கும் பிரஷ். ஈரத் துடைப்பான் பைக்கற்றில் கழிப்பறையில் போடலாம் என்று படம் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். பலவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கும், கடதாசி மாதிரிக் கரையாது, லேசில் கிழியவும் கிழியாது. எடுத்தது எல்லாவற்றையும் ஒரு யூரியாப் பையில் போட்டு என் கையில் தந்துவிட்டார்கள். "இது உங்கட, அண்ணை. நாங்கள் ஏத்த மாட்டம்." நியாயம்தான், ஆனால் போனிலேயே சொல்லியிருக்கலாம்.

இந்த இடத்தில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகைக்கு இருக்கிற பெண்பிள்ளைகளைத் திட்டுவது சுலபம். குழியில் பாட்ஸ் வந்தால் உடனே மேலே போய்ச் சத்தம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பாத்ரூமில் மூடி போட்ட ஒரு வாளி வைத்திருக்கிறீர்களா, அதை யார் எடுத்துப் போய்க் கொட்டுவது என்று பேசியிருக்கிறீர்களா? ஆம்பிளைகள் நடமாடுகிற பொது விறாந்தையால் அதைக் கையில் தூக்கிக்கொண்டு முற்றத்துக் குப்பைக்குப் போ என்றால் யார் போவார்? வாளி, உள்ளே போட கறுப்புப் பை, குப்பை வண்டி வரும் நாளில் கட்டி வைக்க ஓர் ஆள். ஒரு லோடு இறைக்கிற காசில் இதெல்லாம் பல வருடத்துக்குக் காணும். மேலிருந்த ஆசிரியை ஒருவர் "அண்ணா, இதை முந்தியே கேக்க வெக்கமா இருந்தது" என்றார். பின்வீட்டுக் குழந்தையின் தாய்க்கும் தனியாக ஒரு வாளி கொடுத்தாயிற்று.

வேலை முடிந்ததும் கொஞ்சம் வியாபாரமும் நடந்தது. குழியில் போட "பக்டீரியாத் தூள்" என்று ஒரு பைக்கற்றை நீட்டினார்கள், விலையும் குறைவில்லை. வேண்டாம் என்றேன். ஒவ்வொரு நாளும் குழிக்குப் போவதிலேயே தேவைக்கு மேல் பக்டீரியா இருக்கிறது, காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டியதில்லை. நல்ல வேலைக்காரர்கள் ஏன் இதை விற்கிறார்கள் என்று தெரியவில்லை, அரைப் புள்ளி குறைப்பு.

அதற்குப் பதில் அவர்கள் சொன்ன இன்னொரு யோசனையை உடனே செய்தேன், குசினி பைப் வெளியே வரும் இடத்தில் ஒரு கிறீஸ் ட்ராப். பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஒரு தொட்டி, நடுவில் ஒரு தடுப்பு. தண்ணீர் வந்து வேகம் குறைந்து நிற்கும், கொழுப்பு மேலே மிதக்கும், சோறும் மாவும் அடியில் தங்கும், வெளியே போகும் பைப்பின் வாய் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் தெளிந்த தண்ணீர்தான் குழிக்குப் போகும். ஒரு மேசனைப் பிடித்துச் சீமெந்தில் கட்டினோம். மேசன் வேலை முடிந்து கரணையையும் தாச்சியையும் அந்தப் பைப்புக்குள்ளேயே கழுவப் பார்த்தார், சீமெந்து தண்ணீருக்குள்ளும் இறுகும், கத்திக்கொண்டு ஓடினேன். மேலே மிதப்பதைக் கடைப் பெடியன் அள்ளி, மில்லில் சும்மா கிடைக்கும் உமியோடு பிசைந்து பையில் கட்டிக் குப்பைக்குப் போடுகிறான். அள்ளாமல் விட்டால் ட்ராப்பும் குழியைப் போலத்தான், நாறும். பொரித்த எண்ணெயைச் சட்டியிலேயே ஆற விட்டுப் போத்தலில் அடைத்து வைக்கிறார்கள், தட்டுகளைக் கழுவ முதல் கடதாசியால் துடைக்கிறார்கள். கடைக்காரர் இன்னும் முணுமுணுக்கிறார், ஆனால் செய்கிறார்.

மிச்சக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குழாயைச் சுருட்டும்போது முற்றத்தில் சிந்தியது, கிணற்றுக் கட்டுக்கு அருகில் சிந்தியது, சுண்ணாம்பு தூவுங்கள் என்று சொன்னால்தான் தூவினார்கள். குழாயின் இணைப்பு ஒன்று சைக்கிள் ரியூப்பால் கட்டியிருந்தது, அதை மாற்ற வேண்டும். நீளக் குழாய்க்கு என்று மேலதிகமாக ஆயிரம் ரூபா கேட்டார்கள், முன்பே சொல்லாத காசு. பற்றுச்சீட்டு கேட்டால் கொப்பியில் எழுதிக் கிழித்துத் தந்தார்கள், சித்தப்பாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும். ஆனால் எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டபோது முகம் சுளிக்கவில்லை, சபையின் அனுமதிக் கடிதத்தை லொறியின் டாஷ்போர்டிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். இதைக் கட்டாயம் கேளுங்கள். கடிதம் இல்லாதவனுடைய லோடு இரவோடு இரவாக ஏதாவது வாய்க்காலிலோ காட்டோரத்திலோ இறங்கும், அந்த வாய்க்காலின் மறுமுனையில் யாரோ குளிப்பார்கள்.

எப்போது கூப்பிடலாம் என்று கேட்கிறவர்களுக்கு: வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் நேரம் இவர்களைப் பிடிக்க ஏலாது, அந்த வாரம் வண்டி முழுக்க முல்லைத்தீவுப் பக்கம்தான் என்றார்கள். ஆவணி, புரட்டாதி நல்லது. ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் லொறி ஒழுங்கைக்குள் புதையும், அதோடு நிலத்தடி நீர் மேலே வந்து, இறைத்த குழியை இரண்டு நாளில் வெறும் தண்ணீரால் நிரப்பிவிடும், நீங்கள் கொடுத்த காசு வீண். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது தாழ்ந்த வளவுகளில் குழியும் கிணறும் ஒரே மட்டத்தில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொன்கிறீற் குழிக்குப் பதில் பிளாஸ்டிக் தாங்கி புதைத்திருக்கிறவர்கள் மாரியில் அதை முழுக்க இறைக்கவே வேண்டாம், வெறும் தாங்கி நிலத்தடி நீரில் மிதந்து பைப்பையெல்லாம் பிடுங்கிக்கொண்டு மேலே வந்துவிடும். இந்தப் பவுசர்க்காரரும் இதைப் போனிலேயே கேட்பார்கள், "பிளாஸ்டிக்கோ, கட்டினதோ?" என்று.